வீரையன் தராசில் முப்பது கிலோ

ஊஞ்சல் கொக்கியில் தராசு தொங்கியது. தராசில், சாயங்காலம் சிங்கப்பூர் கிளம்பும் பெட்டி தொங்கியது.

பெட்டி இன்னும் காலி. அதில் ஒட்டியிருந்த சீட்டு நாலு கிலோ என்றது. தராசின் முள் மூன்றரையைக் கொஞ்சம் தாண்டியதோடு சரி, அதற்கு மேல் இறங்கமாட்டேன் என்று நின்றுவிட்டது.

அப்போதுதான் வீரையனுக்கு அந்த விஷயம் ஞாபகம் வந்தது.

வலங்கைமான் சுற்றுவட்டாரத்தில் முப்பது வருஷம் உளுந்தும் பயறும் வாங்கிய வியாபாரி அவர். அந்த முப்பது வருஷமும் இந்தத் தராசின் வயிற்றுக்குள் இருந்த ஸ்பிரிங்குக்குத் துணையாக இன்னொரு ஸ்பிரிங் ஒளிந்திருந்தது. அவரே கும்பகோணம் போய் ஏழு கடை ஏறி இறங்கிப் பொறுக்கி எடுத்து வந்தது. பத்து கிலோ உளுந்தைத் தொங்கவிட்டால் ஒன்பது கிலோவுக்கு மட்டும்தான் இழுபடும்.

கடையை மூடிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. துணை ஸ்பிரிங்கைக் கழற்ற மறந்துவிட்டார். தான் செய்த திருட்டைத் தானே மறந்துபோன திருடன், கல்லணை தொடங்கி பூம்புகார் வரைக்கும் தேடினாலும் தன்னைத் தவிர இன்னொருத்தன் கிடைக்கமாட்டான் என்று தோன்றியது.

மகள் கனிமொழி, எடை பார்க்கிற சின்ன மெஷின் ஒன்றை ஆன்லைனில் வாங்கிவிடுகிறேன் என்றுதான் சொன்னாள். என் தராசு இருக்கும்போது அந்தப் பொம்மை எதுக்கு என்று மார்தட்டியவர் இவர். பரணில் ஏறி, ஒட்டடையோடு தராசை இறக்கி, துடைத்து மாட்டியவரும் இவர்தான்.

பிள்ளை நர்ஸ் வேலைக்கு முதல்முறையாக வெளிநாடு போகிறாள். முப்பது கிலோவுக்கு மேல் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். இந்தத் தராசில் முப்பது என்றால் நிஜத்தில் முப்பத்து மூன்றுக்கும் மேல். திருச்சி ஏர்போர்ட்டில் அத்தனை ஜனங்களுக்கு நடுவில் பெட்டியைப் பிரித்து, அம்மா வைத்ததை ஒவ்வொன்றாக அவள் வெளியே எடுத்துப் போட வேண்டியிருக்கும்.

இப்போதே சொல்லிவிடலாம். ஆனால் எங்கப்பா தராசு நூல் பிசகாது என்று காலேஜ் பூராவும் சொல்லித் திரிந்த பிள்ளை அவள்.

துணிமணி உள்ளே போனது. ஸ்பிரிங் இழுபட்டது, பதினைந்து. குக்கர் போனது, பதினெட்டு. மனைவி ராஜாத்தி வடகத்தை வைத்தாள், இட்லிப் பொடியை வைத்தாள், நெத்திலிக் கருவாட்டை நான்கு கவர் போட்டுச் சுற்றி வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் பெட்டியை இறக்குவதும் தூக்கி மாட்டுவதும் வீரையனின் இடுப்பு. அது எந்த ஸ்பிரிங்கின் துணையும் இல்லாமல் சரியான எடையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

“இருபத்து நாலு. இன்னும் ஆறு கிலோ இருக்கும்மா,” என்றாள் கனிமொழி.

“போதும் ராஜாத்தி,” என்றார் வீரையன். “மேல போகப் போகக் கனம் கூடும்னு பேப்பர்ல போட்டிருந்தான்.”

“குறையும்ப்பா.”

“ரெண்டு பாட்டில் ஊறுகாயைக் கட்பண்றதுக்கு ஆகாசம் வரைக்கும் போயிட்டு வர்றாரு பாரு உங்கப்பா,” என்றபடி ராஜாத்தி அடுக்களைக்குப் போனாள்.

கார்க்கார பிரபுவுக்குப் போன் போடுகிறேன் என்று வீரையன் வாசலுக்கு வந்துவிட்டார். பிரபு மூன்று மணிக்குத்தான் வருவான். பேச ஒன்றுமில்லை. முருங்கைமரத்தடியில் நின்று, மகளிடம் சொல்லவேண்டியதைச் சொல்லிப் பார்த்தார். முதல் தடவை, தராசைச் செய்த கம்பெனிக்காரன் மேல் பழியைப் போட்டார். இரண்டாம் தடவை துருவின் மேல். மூன்றாம் தடவை, பரணில் இருந்த பெருச்சாளியின் மேல். நான்காவதில்தான் வீரையன் வந்தார்.

சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு வாசற்படி ஏறினார். உள்ளே அம்மாவும் மகளுமாகப் பெட்டியைத் தூக்கி மாட்டிவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

“இருபத்தேழும்மா.”

“அப்ப முப்பது ஆயிடுச்சு. பூட்ட எடு.”

“இருபத்தேழுதானேம்மா காட்டுது?”

“உங்கப்பா தராசு பத்துக்கு ஒண்ணு முழுங்கிடும்டி. உளுந்து போட வர்றவங்கள கொல்லைப்பக்கமா வரச்சொல்லி, அவங்கவங்களுக்குக் குறைஞ்சத நான்தான் அளந்து திருப்பிக் குடுப்பேன். இல்லாட்டி மூணு வியாபாரிய தாண்டி இங்க யாரு வந்திருப்பா?”

கனிமொழியின் குரல் தணிந்து கேட்டது. “நீ திருப்பிக் குடுத்தது அப்பாவுக்குத் தெரியுமா?”

“வாயத் தொறந்துடாத. பாவம், நல்லா ஏமாத்திட்டோம்னு அந்த மனுஷன் சந்தோஷமா இருந்துட்டாரு. இந்த வயசுல அதப் போய்க் கெடுப்பானேன்.”

வீரையன் ஓசைப்படாமல் நாலு படியும் இறங்கினார். தெருவரைக்கும் போனார். பிறகு செருப்பைத் தேய்த்து, அடுத்த தெரு நாய் எழுந்து பார்க்கும் அளவுக்கு இருமி, நிதானமாகத் திரும்பி வந்தார்.

“என்ன, ஆயிடுச்சா?”

“ஆயிடுச்சுங்க,” என்றாள் ராஜாத்தி. மகள் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். “எதுக்கும் நீங்க ஒரு தடவ பாத்துடுங்க.”

வீரையன் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு தராசின் பக்கத்தில் போனார். பெட்டியின் ஆட்டம் நிற்கும்வரை காத்திருந்தார். முள் இருபத்தேழில் நின்றது.

“முப்பது,” என்று வாசித்தார்.