முப்பத்திரண்டும் சரி

"வெளித் தீனிதாம்ட்டி காய்ச்சலுக்குக் காரணம். வடாபாவ் வாங்கிக் குடுக்காதன்னு அன்னைக்கே சொன்னேன்லா..."

"ஒரு வடாபாவ், அத்த. ஒண்ணே ஒண்ணு. அதுவும் போன மாசம். உங்க ஜெபக் கூட்டத்துல இருபது பேர் வந்து, இருமிக்கிட்டே அவர் தலையில கைய வச்சாங்களே, அதுல வரலியா?"

"ஜெபத்தைக் குத்தம் சொல்லாத."

"ஜெபத்தைச் சொல்லல. இருமலைச் சொல்லுதேன்."

வார்டு வாசலில் நானும் என் மருமகள் ஜெஸியும். உள்ளே மூன்றாவது கட்டிலில் என் மூத்த மகன் ஆபிரகாம்.

அவன் இதயத்தில் புது வால்வு வைத்து ஐந்து மாதம். நன்றாகத்தான் இருந்தான். தாராவியில் எங்கள் அறைக்கு ஏறும் இரும்பு ஏணியில் மூச்சு வாங்காமல் ஏறினான். தோல் பை வெட்டும் வேலைக்குத் திரும்பப் போனான். பத்து நாளாகத்தான் இந்தக் காய்ச்சல்.

"தலைக்கு ஊத்த விட்டது யாரு?"

"நீங்க தேச்ச எண்ணெய் பின்ன எப்படிப் போகுமாம்?"

இளையவன் ஜாபெஸ், டீ வாங்கி வருகிறேன் என்று கழன்றுகொண்டான். பெஞ்சில் இருந்த மராத்திக்காரி எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் நிறுத்தவில்லை. காரணம் வடாபாவாக இருக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

டாக்டர் அஃப்ஷா ஃபைலோடு வந்தார். இந்தியில் சொன்னார். ஜெஸி ஒவ்வொன்றையும் எனக்குத் தமிழில் திருப்பிச் சொன்னாள். நாற்பது வருஷமாகப் பம்பாயில் இருக்கிற எனக்கு இந்தி தெரியாதா? தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

காரணம் சாப்பாடு இல்லை. இருமல் இல்லை. பல்.

கீழ்த்தாடை ஈறில் சீழ். அங்கிருக்கிற கிருமி ரத்தத்தில் இறங்கி, புது வால்வில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆறு வாரம் மருந்து ஏற்றிப் பார்ப்பார்கள். கேட்காவிட்டால் நெஞ்சை மறுபடி திறக்க வேண்டும். இந்த உடம்பு அதைத் தாங்குமா என்று இப்போது சொல்ல முடியாது.

"பல்லுலேருந்து நெஞ்சுக்கா?" என்றாள் ஜெஸி.

அதனால்தான் வால்வு ஆபரேஷனுக்கு முன்னால் எல்லோரையும் பல் டாக்டரிடம் காட்டிச் சீட்டு வாங்கி வரச் சொல்கிறோம் என்றார் டாக்டர். ஃபைலைப் புரட்டி அந்தச் சீட்டை எடுத்தார். படித்தார். இன்னொரு தரம் படித்தார். பிறகு சத்தமாக வாசித்தார்.

முப்பத்திரண்டு பல்லும் சரி. சொத்தை இல்லை. ஈறு நன்றாக இருக்கிறது. ஆபரேஷன் செய்யலாம்.

"முப்பத்திரண்டா?" ஜெஸி என் கையைப் பிடித்தாள். "கலியாணத்துக்கு முன்னாலயே அவருக்கு ரெண்டு கடவாப்பல்லு இல்லியே, அத்த. மிச்சம் கெடக்கதுலயும் கிராம்ப அடக்கிக்கிட்டுத்தான் படுப்பாரு. எந்தக் கண்ணால பாத்து எழுதுனாவ?"

டாக்டர் சீட்டின் அடியில் இருந்த கையெழுத்தைப் போனில் படம் எடுத்தார். விசாரிக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கையெழுத்து ஒரு சின்னப் பெண்ணுடையது. படிப்பை அப்போதுதான் முடித்திருப்பாள். நல்ல கண்ணால் பார்த்துத்தான் எழுதினாள். டார்ச் அடித்து ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தாள். இதய நோயாளிக்கு இப்படி ஒரு பல்வரிசையா, எதை வைத்துத் தேய்க்கிறீர்கள் என்று கேட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

கேஸ் பேப்பரில் போட்டோ கிடையாது. பேர் கேட்டாள். ஆபிரகாம் என்று நான்தான் சொன்னேன்.

அடுத்த சந்து வானமாமலைக்கும் இதே வால்வு வியாதி. முதலில் பல்லைப் பிடுங்கு, புண் ஆறட்டும் என்று அவர் ஆபரேஷன் தேதியைத் தள்ளிவைத்தார்கள். அடுத்த தேதி வந்தபோது வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

எங்களுக்கும் ஒன்பது மாதம் காத்திருந்து கிடைத்த தேதி.

வேண்டாம்மா என்றுதான் ஆபிரகாம் சொன்னான். ஏணியில் பாதி ஏறி, அதற்கு மேல் முடியாமல் உட்கார்ந்துகொண்டு சொன்னான். அப்படி உட்கார்ந்திருக்கிறவன் சொல்லை எந்தத் தாய் கேட்பாள்? ஜெஸியிடம் மூச்சு விடக்கூடாது என்று வேதப் புத்தகத்தின்மேல் அவன் கையை எடுத்து வைத்ததும் நான்தான்.

ஜாபெஸ் மூன்று டீயோடு வந்தான். அண்ணனுக்கு மூன்று வயது இளையவன். பாட்டில் மூடியைப் பல்லாலேயே திறப்பான்.

ஜெஸி அவனிடம் சொல்லத் தொடங்கினாள். பல் என்றாள். சீட்டு என்றாள். முப்பத்திரண்டு என்றாள்.

அவன் உதடு மெல்ல மூடிக்கொண்டது. டீ அவன் விரலில் வழிந்தது. அன்றைக்கு அந்தப் பல் டாக்டர் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தவன், இன்று திறக்கவில்லை.

ஜெஸி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"உங்கள வீணா ஏசிட்டேன், அத்த, மனசுல வச்சுக்கிடாதீங்க. அன்னைக்கு நீங்கதான கூடப் போனீங்க, வாங்க, அந்தப் பல் டாக்டர் யாருன்னு எனக்குக் காட்டுங்க."