அத்திப்பழத்தின் வாசல்

காட்டு அத்திமரம் ஒன்றில் தொங்கிய பழத்துக்குள் ஆண் குளவி ஒருவன் இருந்தான். அவனுக்கு இறக்கை கிடையாது, கண்ணும் மங்கல். கூடப் பிறந்த தங்கைகளுக்கு இறக்கை இருந்தது. ஆனால் பழத்தோலைக் கடித்துத் துளைக்கிற பலம் இல்லை. வெளியே போகாவிட்டால் எல்லாரும் உள்ளேயே சாக வேண்டியதுதான்.

அண்ணன்காரன் நாளெல்லாம் கடித்துத் துளை போட்டான். காற்று வந்ததும் தங்கைகள் முண்டியடித்துக்கொண்டு பறந்தார்கள். "வெளியே எப்படி இருக்குன்னு சொல்லிட்டுப் போங்களேன்" என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்டான். யாரும் நிற்கவில்லை. அவர்களுக்கு ஆயுசு ஒரே நாள். அதற்குள் முட்டையிட, பிஞ்சு விட்ட வேறோர் அத்திமரத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

கடைசித் தங்கை மட்டும் துளையின் விளிம்பில் நின்றாள். உடம்பெல்லாம் பழத்துக்குள்ளேயே பூத்திருந்த பூக்களின் மகரந்தம்.

"நீ வரலையா அண்ணே?"

"எதை வச்சு வர? என்ன தெரியுதுன்னு மட்டும் சொல்லு."

"மரம் பூரா பழம் அண்ணே. ஒவ்வொரு பழத்திலயும் ஒரு ஓட்டை. ஒவ்வொரு ஓட்டையிலயும் உன்னை மாதிரியே ஒரு அண்ணன் தலையை நீட்டிக்கிட்டு நிக்குது."

சொல்லிவிட்டு அவளும் பறந்துவிட்டாள். பழத்துக்குள் இப்போது சத்தமே இல்லை. அவன் ஊர்ந்து வந்து துளை வழியே தலையை நீட்டினான். வெறும் வெளிச்சம்தான் தெரிந்தது. கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு, அந்த வெளிச்சத்தைப் பார்த்து முன்காலைத் தூக்கி ஆட்டினான்.