விசிறி ஓய்ந்த அறை

கல்யாண வீடியோ எடிட் செய்கிறவள் புதுச் சிப் போட்ட லேப்டாப்பின் முன் உட்கார்ந்திருக்கிறாள். காலை வெயில் மேசையில் சாய்ந்து விழுகிறது. லேப்டாப்பின் அடியில் கை வைத்துப் பார்க்கிறாள்; மண்பானை போலச் சில்லென்று இருக்கிறது. பழையது வேலையைத் தொடங்கினால் போதும், அதன் விசிறி வீட்டையே தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இரையும். ஒரு படம் உருவாகி முடிவதற்குள் அவள் துணியெல்லாம் காயப் போட்டுவிடுவாள். இன்றும் பொத்தானை அமுக்கிவிட்டுப் பழக்கதோஷத்தில் துணிக்கூடையைத் தூக்குகிறாள். நிலைப்படி தாண்டுவதற்குள் வேலை முடிந்து, திரையில் மணப்பெண் சிரிக்கிறாள். கூடையை இடுப்பில் வைத்தபடி இவளும் சிரிக்கிறாள். திரும்ப வந்து அடுத்த படத்தைத் திறக்கிறாள். ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. லேசில் யாரையும் மெச்சாத மாமியார் அடுத்த அறையிலிருந்து கேட்கிறார்: "யாரும்மா அங்க பாடறது?" அவள் விரல்கள் அப்படியே நிற்கின்றன. பாடியது தான்தான் என்பது அப்போதுதான் அவளுக்கே உறைக்கிறது. "நான்தான் அத்தை. வேலை செய்யறப்ப எப்பவும் பாடுவேன் போல," என்று நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். பேப்பர் புரளும் சத்தம் கேட்கிறது. "இத்தனை வருஷமா அந்தப் பாழாப்போன பெட்டி என்னைக் கேக்க விடலையே! சுருதி கொஞ்சம் முன்னபின்னதான். அதுக்காக ஏன் நிறுத்தறே? பாடு."