பலகை நட்ட கொல்லை

எங்கள் வேப்பந்தட்டை ஊர் வெயிலில் நான்கு பேர் என் வரப்பில் நிற்கிறார்கள். அரசாங்க நிதியில் புது மக்காச்சோள விதையை ஆராய்கிறவர்கள். சோதனைக்குக் கொல்லையைக் கொடுத்தவள் பக்கத்துக் காணி ஆண்டாயி. அங்கே படைப்புழு தின்றது போக வெறும் தட்டைதான் நிற்கிறது. அதனால் ‘ஆராய்ச்சித் திடல்’ என்ற பலகையைப் பிடுங்கி வந்து, வேறு விதையில் செழித்து நிற்கும் என் மக்காச்சோளத்தில் ஊன்றுகிறார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதற்குப் பெயர் படிப்பு. மூத்த சார் கர்சீப்பால் கழுத்தைத் துடைக்கிறார். கேமராக்காரன் நிழல் விழாத இடம் தேடுகிறான்.

“வெளையலன்னு எழுதுங்க சார். அடுத்த பட்டத்துக்கு இந்த வெதய ஊருக்கே குடுக்கப் போறீங்களாமே?” என்கிறாள் ஆண்டாயி.

“தோத்துப்போச்சுன்னு எழுதுனா நிதி வராதும்மா. ஒரு கதிரப் புடிச்சிக்கிட்டு பலகை பக்கத்துல நில்லுங்க” என்கிறார் மூத்தவர்.

நிற்கிறாள். மடியிலிருந்து தன் கொல்லைக் கதிரை எடுத்து உரிக்கிறாள். மணி இருக்க வேண்டிய இடத்தில் புழு நெளிகிறது. அதை நெஞ்சுக்கு நேராகப் பிடிக்கிறாள்.

“அதக் கீழ போடுங்கம்மா.”

“இதான சார் ஒங்க வெத?”

கேமரா இறங்குகிறது. மூத்தவர் என் பக்கம் திரும்புகிறார். “பெரியவரே, வேற பொம்பளயாளு யாராச்சும் இருந்தா கூட்டியாங்க.”

“ஊரே வரும் சார். வெளக்கமாத்தோட வருவாளுவ. கூப்புடட்டா?” என்கிறேன்.