அப்பாவுக்கு ஒரு கட்டில்

"சார், அப்பா இப்ப எப்படி இருக்காங்க?"

சும்மா சொல்லக் கூடாது, தச்சனின் குரலில் அப்படியே தேன் வழிந்தது. பக்கத்தில் அவன் மனைவி போனில் காதை ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"அப்படியேதான் இருக்கார் அண்ணே. கண்ணைத் திறக்குறார், மூடிக்கிறார். எப்ப வீட்டுக்கு விடுவாங்கன்னே தெரியல," என்றான் ஆஸ்பத்திரியில் கிடந்த பெரியவரின் மகன்.

"கவலையே படாதீங்க சார். நமக்கு அவசரம் ஒண்ணும் இல்லை. நான் அப்புறமா கூப்பிடுறேன்."

போனை வைத்தான். "இழுத்துக்கிட்டே இருக்குடி," என்றான். அவளும் பெருமூச்சு விட்டாள்.

பட்டறை முதலாளியிடம் முறைத்துக்கொண்டு வெளியே வந்து, அவன் தனியாகத் தொழில் தொடங்கிய புதிது. "போடா போ! ஒரு ஆர்டர் பிடிக்கத் துப்பில்லாம மழைக்காலத்துக்குள்ள என் வாசல்ல வந்து நிப்பே," என்று எல்லோர் முன்னாலும் முதலாளி சிரித்தான். மழையும் பிடித்துக்கொண்டுவிட்டது. ஆர்டர்தான் ஒன்றும் வரவில்லை.

விசாரித்தவர்களுக்கு என்ன குறைச்சல்? கதவு கேட்டவர், அலமாரி கேட்டவர், எல்லோருமே "சொல்றேன்" என்றார்கள். மறுபடி கூப்பிட்டால் "யாரு?" என்றார்கள். அதற்கப்புறம் கூப்பிட்டால் மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. மிச்சம் இருந்தது இந்த ஒரே பார்ட்டிதான்.

ஆஸ்பத்திரியில் ஜன்னல் பழுது பார்க்கப் போன இடத்தில் அகப்பட்டவன் இந்த மகன். அப்பா வீட்டுக்கு வந்தால் வசதியாக ஒரு கட்டில் செய்ய வேண்டும் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். தச்சன் விடுவானா? டேப்பை உருவி, படுத்திருந்தவரை உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை அளந்தான். தோள் அகலத்தைக்கூட விடவில்லை.

"அப்பா உடம்புக்குன்னே அளவெடுத்துச் செய்யணும் சார்."

மகன் உருகிப்போனான். "முதல்ல அவர் வீட்டுக்கு வரட்டும் அண்ணே. அப்பப்ப ஒரு போன் போட்டுக் கேளுங்க."

வெளியே வரும்போது தச்சன் நர்ஸிடம் தனியாக இரண்டு வார்த்தை பேசினான். அன்று சாயங்காலமே பலகை வாங்கிவிட்டான். மனைவியின் வளையல் அதில்தான் போனது. பார்ட்டி இன்னும் சரி என்றுகூடச் சொல்லவில்லை, இவனுக்கு என்ன துணிச்சல் பாருங்கள்!

"இப்பவே செஞ்சு வச்சுக்கணும்டி," என்றான் மனைவியிடம். "இதெல்லாம் சொன்ன அன்னைக்கே கொண்டுபோய் இறக்குற ஐட்டம். நாம லேட் பண்ணினா வேற எவனாவது தட்டிக்கிட்டுப் போயிடுவான்."

ராப்பகலாக இழைத்தான். வேலை முடிந்து, பழைய போர்வையைப் போர்த்தி முன்னறையில் வைத்தாயிற்று. நடுவில் நாள் தவறாமல் போன் வேறு.

ஒருநாள் மகன் போனிலேயே உடைந்து அழுதான். "டாக்டருங்க கையை விரிச்சுட்டாங்க அண்ணே. மூச்சு விடவே கஷ்டப்படுறார்."

"ஐயோ, சார்!" தச்சனின் குரல் தழுதழுத்தது. "மனசைத் தளர விடாதீங்க. எந்த நேரமா இருந்தாலும் சரி, முதல்ல எனக்கு ஒரு போன் போட்டுடுங்க."

"சொந்தக்காரங்ககூட எட்டிப் பார்க்கல. நீங்க ஒருத்தர்தான்ணே விடாம விசாரிக்கிறீங்க."

போனை வைத்ததுமே மனைவி பிடித்துக்கொண்டாள். "என்னங்க, ஆர்டர் ஆகுமா?"

"ஆகும்டி. நம்பிக்கையை மட்டும் விட்டுடாதே. போய் இன்னொரு கோட் வார்னிஷ் அடி."

அவளும் மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, முகம் தெரிகிற அளவுக்கு மினுமினுப்பு ஏற்றினாள்.

அப்புறம் ஒரு காலை. தொழில் தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக, ஒரு பார்ட்டி தானாகவே அவனைக் கூப்பிட்டது. தச்சன் பாதிச் சவரத்தில் சோப்பு நுரையோடு ஓடி வந்தான். தொண்டையைச் செருமிக் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"சொல்லுங்க சார்."

"அண்ணே!" மகன் தேம்பினான். "அப்பா... அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்துட்டோம்ணே."

"நான் இப்பவே வண்டி பிடிச்சு..."

"இருங்கண்ணே, அப்பாவே உங்ககிட்ட பேசணுமாம்!"

மறுமுனையில் கரகரத்த கிழட்டுக் குரல் வந்தது.

"தம்பி, டாக்டரே மூக்குல விரலை வச்சுட்டார்ப்பா! நீ தினமும் விசாரிச்சதைப் பையன் எங்கிட்ட வந்து சொல்லுவான். உலகத்துல நமக்குன்னு ஒரு ஜீவன் இருக்குன்னு அப்பத்தான் தெம்பே வந்துச்சு. உன் கையால செஞ்ச கட்டில்லதான் படுப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறேன். எப்ப கொண்டுவர்றே?"

"இதோ... சாயங்காலம் வந்துடுறேன் ஐயா."

போன் வைக்கும் சத்தம் கேட்டு, ஈரக் கையோடு மனைவி ஓடி வந்தாள். "என்னங்க, முடிஞ்சுதா?"

"போச்சுடி. பொழைச்சுக்கிட்டார்!"

"ஐயய்யோ!" அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு போர்வையின் மேலேயே தொப்பென்று உட்கார்ந்தாள். "படுபாவி மனுஷன் கழுத்தறுத்துட்டாரே! இப்ப இதை யாரு தலையிலங்க கட்டுறது?"

தச்சன் கன்னத்து நுரையை ஒரே இழுப்பில் வழித்து எறிந்தான். அவளை எழுப்பிவிட்டுப் போர்வையை உருவினான். பக்கத்துக்கு இரண்டாக, ஆள் தூக்குவதற்கு வைத்த பித்தளைக் கைப்பிடிகள் பளபளத்தன.

"ஒப்பாரி வைக்காதே. மூடியைக் கழட்டு. நாலு காலை அடிச்சுக் கட்டில்னு கொடுத்துடலாம்."