ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு

“அண்ணா, நீங்க வேலைக்குச் சேர்ந்த தேதி இன்னா?”

ஜெயசுதா பேனாவும் கையுமாக வந்து கேட்டதும் இளவரசனுக்கு நெஞ்சு கசந்தது. அவள் வேலைக்கு வந்து இருபது நாள்தான் ஆகிறது. அதற்குள் தன்னை வீட்டுக்கு அனுப்ப வழி பார்க்கிறாள்!

“எதுக்கும்மா?”

“சும்மாத்தாண்ணா, சொல்லுங்க.”

வேண்டாவெறுப்பாகச் சொன்னார். எழுதிக்கொண்டவள், தன் ஊர் கரியாலூரிலிருந்து கொண்டுவந்த பலாச்சுளைகளை அவர் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அவர் தொடவில்லை.

கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் சர்க்கரை ஆலை அது. மணலூர்பேட்டை, உளுந்தூர்பேட்டை கிளை அலுவலகங்கள் அனுப்பும் வெட்டு உத்தரவுகள், அதாவது எந்த வயலில் என்றைக்குக் கரும்பு வெட்டுவது என்ற விவரங்கள், ஒரு பழைய சர்வர் வழியாகத்தான் வந்துசேரும். பதினாறு வருடமாக அதைக் கவனித்து, ஆயுத பூஜைக்குப் பொட்டும் வைத்தவர் இளவரசன்.

அதில் எல்லோருக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. யார் நுழைந்தார், என்ன செய்தார் என்று யாருக்கும் தெரியாது. அது ஆபத்து என்றுதான், பாதுகாப்பான புது சர்வர் அமைக்க ஜெயசுதாவை எடுத்தார்கள். புது சர்வரில் அவள் ஆளுக்கொரு பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தாள்.

“இன்னா இளவரசு, நேத்து வந்த பொண்ணு உன் சீட்டைத் தூக்கிக்கினு போவுது. நீ டீ குடிச்சிக்கினு குந்தியிருக்கியே!” என்று சீண்டினார் பக்கத்து மேஜை செல்லமுத்து.

அன்று மூன்று மணிக்கு மேலாளர் வெங்கடேசனுக்குப் புது சர்வரை இயக்கிக் காட்ட வேண்டும். ஜெயசுதா சாப்பிடப் போன நேரம், இளவரசன் புது சர்வருக்குள் நுழைந்தார். ‘மேலாளர் பார்வைக்கு’ என்று அவள் தயாராக வைத்திருந்த ஃபோல்டரைத் திறந்துகூடப் பார்க்காமல் அழித்தார்.

கடவுள் அவருக்கு நல்ல மனதைத்தான் கொடுத்திருந்தார். அந்த ஒரு நிமிடம் அது அவரிடம் இல்லை.

மூன்று மணிக்கு ஃபோல்டரைக் காணவில்லை. மேலாளர் முகம் சுளித்தார். “இன்னாம்மா, இயக்கிக் காட்டுற முதல் நாளே இப்பிடியா?”

“ஒண்ணும் ஆவாது சார். அழிச்சாலும் இதுல திருப்பி எடுத்துடலாம்.”

கீபோர்டில் இரண்டு தட்டு தட்டினாள்; ஃபைல்கள் திரும்பின. கூடவே திரையில் ஒரு வரி: ‘அழித்தவர்: இளவரசன், மதியம் 1.20.’

பதினாறு வருடப் பழக்கத்தில், தன் பெயரில்தான் நுழைந்தோம் என்பதையே அவர் மறந்திருந்தார்.

மேலாளர் முதல் ஃபைலைத் திறந்து உரக்கப் படித்தார். “‘வேலைக்குச் சேர்ந்த தேதியிலிருந்து ஒரு வெட்டு உத்தரவைக்கூடத் தவறவிடாதவர். புதிய சர்வருக்கும் திரு. இளவரசனையே பொறுப்பாளராக நியமிக்க வேண்டுகிறேன். இப்படிக்கு, ஜெயசுதா.’”

கண்ணாடியைக் கழற்றினார். “உங்களுக்காக எழுதின லெட்டர்யா இது! இதைப் போய் நீங்களே ஏன் அழிச்சீங்க?”

ஜெயசுதா இளவரசனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு மேலாளர் பக்கம் திரும்பினாள்.

“திரும்பி வருதான்னு பாக்க, நான்தான் சார் அண்ணாவை அழிக்கச் சொன்னேன்.”