ஐந்து மணி பஸ்

"அக்கா, நர்சம்மா கிளம்பிட்டாங்க! அஞ்சு மணி பஸ்ஸுல ஏறிட்டாங்க!"

பாஞ்சாலி மூச்சிரைக்க ஓடிவந்து வாசலில் நின்றாள்.

உள்ளே கட்டிலில் சோபனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினாள். நிறைமாதம், தலைப்பிரசவம். அம்மா கலைமதிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"இப்ப வலி எடுத்துச்சுன்னா என்னடி பண்றது? ஏரியூர் ஆசுபத்திரிக்குப் போகவே முக்கா மணி நேரம். நடுவுல பூரா காட்டு ரோடு."

பாஞ்சாலியிடம் அதைக் கேட்டிருக்கவே கூடாது. இரண்டு வருஷத்துக்கு முன்பு அவள் குழந்தை பிறந்ததும் போனதும் அதே ரோட்டில், ஷேர் ஆட்டோவில்தான்.

நல்லவேளை, சோபனாவுக்கு வந்தது பொய்வலி. அரை மணியில் அடங்கிவிட்டது. கலைமதியின் பயம்தான் அடங்கவில்லை. டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

பாஞ்சாலியின் குழந்தை போன பிறகுதான் ஊரில் தாய்மார் குழு உண்டானது. ரேஷன் கடை வரிசையில் நாலு பேர் பேச ஆரம்பித்து, அறுபது பேர் ஆனார்கள். தலைவி கலைமதி. கிராம சபையில் எழுந்து கேள்வி கேட்டார்கள். கலெக்டர் ஆபீசுக்கு ஏழு தடவை நடந்தார்கள்.

"ராத்திரியிலும் ஊரோடு தங்குகிற நர்ஸ் வேண்டும். எங்களுக்கு மட்டுமில்லை, ரோட்டை விட்டுத் தள்ளியிருக்கிற எல்லா ஊருக்கும் வேண்டும்."

ஒருவழியாக அரசாங்கம் ஒத்துக்கொண்டது. முதல் ஆர்டரே இந்த ஊருக்குத்தான். அப்படி வந்தவள்தான் தெரசா.

வந்து நாலு மாதம் ஆகிறது. பகலெல்லாம் வீடு வீடாகப் போய்ப் பிரஷர் பார்ப்பாள், மாத்திரை கொடுப்பாள். சாயங்காலம் ஆனால் பென்னாகரம் பஸ்ஸில் ஏறிவிடுவாள். ஒரு ராத்திரி தங்கியதில்லை.

"நம்ம புள்ளைங்க உசுரு அவங்களுக்கு வெளையாட்டாப் போச்சு. எழுதுடி மனு" என்றாள் கலைமதி.

"அவங்க வேலை போயிருமேக்கா. எதுக்கும் அவங்களையே ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"போனா போவட்டும்! எம்பொண்ணு உசுரு போனா யாரு திருப்பிக் குடுப்பா?"

பாஞ்சாலி மறுபேச்சில்லாமல் எழுதினாள்.

திங்கட்கிழமை பதினெட்டு பெண்கள் தருமபுரிக்குப் போனார்கள். மனுவை வாங்கிப் படித்த சுகாதாரத்துறைப் பெண் அதிகாரி, கையோடு தெரசாவையும் வரவழைத்துவிட்டார்.

"ஏம்மா, குவார்ட்டர்ஸ் கட்டி முடிக்கிற வரைக்கும் ஊருக்குள்ளயே வாடகைக்குத் தங்கணும்னு ஆர்டர்ல இருக்கே. ஏன் தங்கல?"

தெரசா தலை குனிந்து நின்றாள்.

"பேசாம நின்னா எப்படி? காரணம் சொல்லலைன்னா இன்னிக்கே சஸ்பெண்ட் பண்ண வேண்டியிருக்கும்."

"வூடு கிடைக்கலீங்க மேடம்."

"அவ்ளோ பெரிய ஊர்ல ஒரு வீடுகூடவா காலி இல்ல?"

"காலியா இருந்துச்சுங்க. பதினோரு வூட்டுல போய்க் கேட்டேன். எங்கப்பா பேரு என்ன, எங்க ஊருல நாங்க எந்தத் தெருன்னு விசாரிச்சாங்க. சொன்னேன். அதுக்கப்புறம் யாரும் குடுக்கலீங்க."

அதிகாரியின் முகம் சிவந்தது. பேனாவைத் திறந்தார்.

"எந்தெந்த வீடு? ஒவ்வொரு பேரா சொல்லும்மா, எழுதிக்கறேன்."

கலைமதிக்குக் குப்பென்று வியர்த்தது. இத்தனை நாள் பட்ட பயம் வேறு, இது வேறு. பக்கத்தில் நின்ற பாஞ்சாலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தெரசா திரும்பி, பதினெட்டு பேரையும் ஒருமுறை பார்த்தாள். பார்வை கலைமதியிடம் வந்து நின்றது.

"ஞாபகம் இல்லீங்க மேடம்" என்றாள். "இந்த அக்கா பொண்ணுக்குத் தேதி நெருங்கிருச்சு. ஊருல இருக்கிற சுகாதார சப்-சென்டர்ல கதவு சரியா சாத்தாது, தனியாப் படுக்கப் பயந்துதான் இத்தனை நாள் பஸ் ஏறுனேன். பரவால்லீங்க, பிரசவம் முடியற வரைக்கும் அங்கயே பாய் போட்டுப் படுத்துக்கறேன்."

அதிகாரி பேனாவை மூடினார்.

கலைமதிக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. "மாடி காலியாத்தான் இருக்குது கண்ணு. மொதல்ல நீங்க என்ன ஆளுங்கன்னு சொல்லுங்க" என்று நாலு மாதத்துக்கு முன்பு தெரசாவை வாசலிலேயே நிறுத்திக் கேட்ட முதல் ஆள் அவள்தானே!